பெயர் மட்டும் அபலை

தமிழில் 'அபலை' என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் எது? வலியற்றவள், துணையற்றவள், யாரேனும் இரங்கி ஒரு பிடி சோறு இட்டால் உண்பவள், இல்லையேல் மூலையில் முடங்குபவள். கதைகளிலும் நாடகங்களிலும் நாம் சலிக்கச் சலிக்கக் கண்டவள். வங்க நாட்டில் அந்தச் சொல்லையே தம் அருமை மகளுக்குப் பெயராகச் சூட்டினார் ஒரு தந்தை. அபலா என்று அழைக்கப்பெற்ற அந்த மகள் வளர்ந்து, எத்தனையோ அபலைகளின் வாழ்விலிருந்து அந்தச் சொல்லைத் துடைத்தெறிய முனைந்தார் என்றால் அது வரலாறு செய்த வேடிக்கை அன்றோ!

அவர்தாம் அபலா போஸ் அம்மையார். கல்கத்தாவில் போஸ் என்று உரக்கக் கூப்பிட்டால் தெருவில் பத்துப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே எந்தப் போஸ் என்று சொல்லிவிட வேண்டும். செடிகொடிகளும் தூண்டலுக்கு மறுமொழி தரும் என்று காட்டியவர் எனப் பள்ளியில் படித்தோமே, கம்பியில்லாத் தந்திக்கு அடிகோலிய ஆராய்ச்சிகளைச் செய்தவர் எனக் கல்லூரியில் அறிந்தோமே, அந்த ஆசாரிய ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கைத் துணைவியார் இவர்.

ஜகதீசரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர், அம்மையாரைப் பற்றி ஒன்றிரண்டு வரிகளோடு நிறுத்திக்கொள்வர். கணவருக்கு நிழலாக நின்ற உத்தமி என்பார்கள். அடுத்த வரியில் மீண்டும் மின்னலைகளுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நிழல் பள்ளிக்கூடம் கட்டுவதில்லை. நிழல் தறி வாங்கிப் போட்டு, நூல் சுற்றக் கற்றுக்கொடுத்து, ஒரு பெண்ணைத் தன் காலில் நிற்க வைப்பதுமில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் ஜகதீசரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அம்மையாரை முன்னே அழைக்கிறேன்.

அபலா பிறந்தது 1865 ஆம் ஆண்டு, கிழக்கு வங்கத்துப் பாரிசாலில். ஆறும் கால்வாயும் பின்னிக் கிடக்கும் நெல் நாடு அது. இன்று பங்களாதேஷத்தில் இருக்கிறது. தந்தையார் துர்காமோகன் தாஸ் வழக்கறிஞர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அவரைப் பற்றி ஒரு செய்தி சொன்னாலே போதும், அவர் எத்தகையவர் என்பது விளங்கிவிடும். அவருடைய தந்தை இறந்தபோது, இளம் வயதுச் சிற்றன்னை கைம்பெண்ணானார். துர்காமோகன் தாமே முன்னின்று அந்தச் சிற்றன்னைக்கு மறுமணம் செய்து வைத்தார்! மேடையில் மறுமணத்தைப் பற்றி முழங்குவோர் அந்நாளிலும் இருந்தனர். தாய் என்று அழைத்தவருக்கே மணமாலை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஊர் சும்மா இருக்குமா? தள்ளி வைத்தது, தூற்றியது. துர்காமோகன் அசையவில்லை. விதவை மறுமணச் சட்டம் ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856 இலேயே வந்துவிட்டது. சட்டம் தாளில் இருந்தது; துர்காமோகனோ அதைத் தம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு வந்தார். அந்த முற்றத்தில்தான் அபலா வளர்ந்தார்.

குடும்பம் பின்னர் கல்கத்தாவுக்குக் குடியேறியது. அக்காள் சரளா ராய், பிற்காலத்தில் 1920 இல் கோகலே நினைவுப் பெண்கள் பள்ளியை நிறுவியவர். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் சிற்றப்பன் மகன். இப்படி ஒரு குடும்பம்! அபலா பெத்யூன் பள்ளியில் பயின்று 1881 இல் நுழைவுத் தேர்வில் தேறினார். வங்கத்துப் பெண்கவி காமினி ராயும் அங்கே பயின்றவரே. பெண்ணுரிமைச் சிந்தனையைத் தமக்கு ஊட்டியவர் அபலாவே என்று அக்கவிஞர் பிற்காலத்தில் கருதினார் என்பர்.

தேர்வில் தேறிய பெண்ணுக்கு ஒரே ஆசை. மருத்துவம் படிக்க வேண்டும்! ஆனால் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் கதவு அன்று பெண்களுக்குத் திறக்கவில்லை. இந்தியாவின் தலைநகர், பிரிட்டிஷ் ஆட்சியின் மணிமகுடம் என்று பெயர் பெற்ற கல்கத்தா, ஒரு பெண்ணுக்கு மருத்துவ வகுப்பில் ஓர் இருக்கை தர மறுத்தது. பிறகு எங்கே போவது?

நண்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்றுத் தலைநிமிர்ந்து கொள்ளலாம். போக வேண்டிய இடம் நம் சென்னை! சென்னை மருத்துவக் கல்லூரி 1875 ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாதும் வேறு மூவரும் அவ்வாண்டில் அங்கே அடியெடுத்து வைத்தனர். அந்த வழியைப் பின்பற்றி 1882 இல், வங்க அரசாங்கத்தின் உதவித் தொகையைப் பெற்றுக்கொண்டு, பதினேழு வயது அபலா சென்னைக்குப் புறப்பட்டார்.

இன்று நாம் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் மாலை சென்னை சென்ட்ரலில் இறங்கிவிடுகிறோம். அதற்கே வீட்டில் ஆயிரம் எச்சரிக்கை, மூன்று வேளைக்குக் கட்டுச்சோறு! 1882 இல் கீழைக் கடற்கரையை ஒட்டிய அந்த இருப்புப்பாதையே கிடையாது. அந்த நாளில் மணமாகாத பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, மொழி தெரியாத ஊருக்கு, அதுவும் உடலை அறுத்துப் பார்க்கும் படிப்புக்காகப் போனாள் என்றால் வங்கத்துப் பாட்டிமார் என்னென்ன பேசியிருப்பார்களோ! மீனும் கடுகெண்ணெயும் பழகிய நாவுக்கு நம் ரசம் எப்படி இருந்ததோ! நமக்கு இங்கே கடுகெண்ணெய் வாடை பழகுவதற்கு ஓராண்டு ஆகவில்லையா? நாம் படிப்புக்காகத் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். நமக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக முன்பே அதே படிப்புக்காக வடக்கிலிருந்து தெற்கே போனவர் அவர். அந்த முறையில் அவரையும் நம் சங்கத்தில் ஓர் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

சென்னையில் சில ஆண்டுகள் படித்தார். உடல்நலம் இடந்தரவில்லை. ஊர் திரும்பினார், மருத்துவராகத் தொழில் நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை. அதற்குள் கல்கத்தாக் கல்லூரியும் மனம் மாறியிருந்தது. காதம்பினி கங்கூலி அங்கே சேர்ந்து படித்து மருத்துவரானார். அபலாவோ எதற்காக அத்தனை தூரம் போனாரோ அதைப் பெறாமல் நின்றார்.

1887 இல் ஜகதீச சந்திர போஸை மணந்தார். மணவாழ்வு பட்டுமெத்தையில் தொடங்கவில்லை. பிரசிடென்சிக் கல்லூரியில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியரை விடக் குறைந்த சம்பளம். அது நீதியன்று என்று கூறி, ஜகதீசர் சம்பளத்தையே தொட மறுத்து, மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பாடம் நடத்தினார். தந்தை பட்ட கடன் வேறு தலைக்கு மேல் இருந்தது. செலவு குறையுமென்று இருவரும் கங்கைக் கரையில் சந்தன்நகரில் போய்க் குடியிருந்தனர். காலையில் கணவரைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டு, அம்மையாரே துடுப்பு வலித்துத் திரும்பி வருவார் என்று கூறுவர். ஜகதீசரின் சம்பளப் போராட்டத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம். சம்பளம் வராத வீட்டில் மூன்றாண்டு அடுப்பு எரிந்ததே, அது எப்படி? அதைப் பற்றி எந்தப் பாடநூலும் பேசக் காணோம். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியுடன் கொடுத்தது. கடனும் தீர்ந்தது.

பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. அந்தத் துயரத்தை நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை.

1896 முதல் கணவருடன் பலமுறை ஐரோப்பா சென்றார். அமெரிக்காவும் ஜப்பானும் கண்டார். போன இடங்களைப் பற்றி வங்கக் குழந்தைகளுக்காக எழுதினார். ஆனால் கல்கத்தாவில் அவர் நாள்தோறும் கண்ட ஒரு காட்சியை இங்கே குறிப்பிட வேண்டும். ஜகதீசர் தம் நுண்ணிய கருவிகளை எங்கே செய்தார் தெரியுமா? இலண்டனில் அன்று. பெரிய பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரை வைத்துக்கொண்டு, அவருக்குக் கற்றுக்கொடுத்து, அவர் கையால் செய்வித்தார். அந்தக் கருவிகளைக் கொண்டுதான் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள மின்னலைகளை உண்டாக்கி 1897 இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அவையை வியக்க வைத்தார். செய்முறை வகுப்பில் ஒரு கம்பியைச் சரியாகப் பற்றவைக்க முடியாமல் நாம் படும் பாடு நமக்குத் தெரியும். கை பழகாவிட்டால் தலையில் உள்ளது தலையிலேயே கிடந்து உலர்ந்து போகும். கற்றுக்கொடுத்தால் எந்தக் கையும் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அம்மையாரின் வீட்டிலேயே சான்று இருந்தது.

போஸ் குடும்பத்தின் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் சகோதரி நிவேதிதை. தமிழர்க்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டுமா? நம் பாரதி கல்கத்தாவில் கண்டு குருவென்று வணங்கி, தம் நூலைக் காணிக்கையாக்கிய அதே நிவேதிதைதான். மனைவியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு நாட்டு விடுதலை பேசலாமா என்ற கேள்வியை அவர் பாரதியின் நெஞ்சில் போட்டார் என்பது நாம் அறிந்த கதை. பாக்பஜார்ச் சந்தில் அவர் நடத்திய பெண்கள் பள்ளியில் படிப்போடு தையலும் கற்பித்தனர். 1911 அக்டோபரில் டார்ஜிலிங்கில் நிவேதிதை கண்மூடியபோது அருகிருந்து பணிவிடை செய்தவர்கள் போஸ் தம்பதியரே. மருத்துவம் முடிக்காத அபலா, ஒரு தோழியின் மரணப் படுக்கையருகே இருந்தார்.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1910 இல், பிரம்ம பாலிகா சிக்ஷாலயம் என்ற பெண்கள் பள்ளியின் செயலாளர் பொறுப்பை ஏற்றிருந்தார். 1936 வரை, இருபத்தாறு ஆண்டுகள், அந்தப் பொறுப்பை விடவில்லை. 1917 இல் ஜகதீசருக்கு 'சர்' பட்டம் வந்தது. அபலா 'லேடி போஸ்' ஆனார். அதே ஆண்டு நவம்பர் 30 இல் போஸ் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. வயது ஐம்பத்திரண்டு. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி எண்ணும் வயது. அம்மையாரின் பெரும்பணி இனிமேல்தான் தொடங்குகிறது.

1919 இல் நாரி சிக்ஷா சமிதி பிறந்தது. பெண் கல்விக் கழகம் என்று தமிழில் சொல்லலாம். நகரத்துப் பெண்கள் ஓரளவு படிக்கத் தொடங்கியிருந்தனர். நாட்டுப்புறம் இருண்டு கிடந்தது. 1921 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு இருவர் கூடத் தேறவில்லை! ஆகவே சிற்றூர்களில் பெண்களுக்குத் தொடக்கப் பள்ளிகள் திறப்பது, தாய்சேய் நலம் பற்றிய அறிவைப் பரப்புவது, பிழைப்புக்கு ஒரு வழி காட்டுவது என்று சமிதி வேலையை மேற்கொண்டது.

பள்ளி திறப்பது எளிது. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கரும்பலகை போதும். ஆசிரியருக்கு எங்கே போவது? ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். சிறிது வளர்ந்ததும் நிறுத்திவிட்டனர். பெண் ஆசிரியர் வேண்டுமென்றால் படித்த பெண் வேண்டும். படித்த பெண்ணோ அரிது. அப்படி ஒருத்தி இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு வயதில் தாலி ஏறிவிடும். பிறகு கணவன் வீட்டை விட்டு வேறொரு கிராமத்துக்குப் போய்ப் பாடம் சொல்ல யார் விடுவார்கள்? ஆசிரியை இல்லாததால் பெண்கள் படிக்கவில்லை. பெண்கள் படிக்காததால் ஆசிரியை இல்லை. கோழி முந்தியா, முட்டை முந்தியா?

அதே வங்கத்தில், அதே கிராமங்களில், வீட்டுக்கு ஒருத்தியாக இன்னொரு கூட்டம் இருந்தது. சிறு வயதில் மணமாகி, கணவன் முகத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே வெள்ளைச் சேலை உடுத்தி, ஒரு வேளை உணவோடு, அண்ணன் வீட்டிலோ கொழுந்தன் வீட்டிலோ ஊதியமில்லாத வேலைக்காரியாகக் காலந்தள்ளிய கைம்பெண்கள். அவர்கள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். எந்த மங்கலத்துக்கும் அவர்களை அழைப்பதில்லை. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தோம்.

அம்மையார் இந்த இரண்டு இருட்டையும் சேர்த்துப் பார்த்தார். கிராமத்துக்கு ஆசிரியை வேண்டும்; கைம்பெண்ணுக்கு வாழ வழி வேண்டும். கைம்பெண்ணையே ஆசிரியை ஆக்கினால்? 1925 இல் வித்யாசாகர் வாணி பவனைத் தொடங்கினார். மறுமணச் சட்டம் கொண்டுவந்தவரின் பெயர் அந்த இல்லத்துக்கு. தங்க இடம், உண்ண உணவு, படிப்பு, படித்து முடித்ததும் ஆசிரியப் பயிற்சி. இருந்தால் கெட்ட சகுனம் என்று தள்ளப்பட்டவளின் விரலைப் பற்றிக்கொண்டு ஒரு கிராமத்துச் சிறுமி முதலெழுத்து எழுதப் பழகுகிறாள்! பத்துச் சீர்திருத்த மாநாட்டுத் தீர்மானங்கள் செய்ய முடியாததை அந்த ஒரு காட்சி செய்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

எல்லோராலும் ஆசிரியை ஆக முடியுமா? சிலருக்கு எழுத்து ஏறாது; சிலருக்கு வயது கடந்துவிட்டது; சிலருக்குக் கையில் குழந்தை. அவர்களுக்காக 1926 இல் மகிளா சில்ப பவன் எழுந்தது. நெசவு, தையல் முதலிய கைத்தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. கற்ற தொழிலைக் கொண்டு காசு சம்பாதிக்க வேண்டும், அதுதான் குறிக்கோள். பொழுதுபோக்குக்குப் பூவேலை செய்து பொருட்காட்சியில் வைக்கும் சீமாட்டிகளின் தையல் வகுப்பு வேறு, நாளைக்கு உலை வைக்க வேண்டுமே என்று ஊசி பிடிப்பவளின் வகுப்பு வேறு. 1935 இல் வாணி பவனோடு இணைந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் வந்தது. வங்கத்தின் பல பகுதிகளிலுமாக அவர் முயற்சியில் அமைந்தவை 88 தொடக்கப் பள்ளிகள், 14 முதியோர் கல்வி நிலையங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இத்துறையில் அம்மையாரே முதல்வர் என்று நான் கூறமாட்டேன். பாரநகரில் சசிபத பானர்ஜி 1887 இலேயே கைம்பெண்களுக்கு இல்லம் நடத்தினார். பண்டித ரமாபாய் 1889 இல் பம்பாயிலும், கார்வே 1896 இல் புனாவிலும் தொடங்கினர். நம் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912 இல் ஒரு சிறு வீட்டில் தொடங்கிய பணி, பின்னர்க் கடற்கரை ஐஸ் ஹவுசில் இளங்கைம்பெண்களின் விடுதியாக வளர்ந்த வரலாறு நமக்குத் தெரியும். அவரும் கைம்பெண்ணை ஆசிரியை ஆக்கியவரே. கங்கைக் கரையிலும் திருவல்லிக்கேணிக் கரையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே விடை எழுந்தது. இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுப்புலட்சுமி தாமே அந்த நெருப்பில் வெந்தவர். அபலா அம்மையார் நெருப்புக்கு வெளியே நின்றவர். கணவரும் செல்வாக்கும் பட்டமும் பெற்றவர். வெளியே நின்றவர் உள்ளே கை நீட்டியதால் பெருமை கூடுமா, குறையுமா? விடுதியில் இரவு உணவுக்குப் பின் இதைப் பற்றி நண்பர்களோடு வாதாடியிருக்கிறேன், முடிவு காணவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். வாணி பவன் இந்துக் கைம்பெண்களுக்காக எழுந்த இல்லம். வங்கத்தின் சிற்றூர்களில் பெருந்தொகையாக இருந்த முஸ்லிம் ஏழைப் பெண்களின் துயரம் அந்த வாயிலுக்குள் நுழையவில்லை. சென்னை இல்லமும் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கென்றே நடந்தது. ஊரார் பெண்ணை அனுப்ப வேண்டுமென்றால் ஊராரின் சாதி ஆசாரத்துக்கு ஓரளவு இடங்கொடுத்தே தீர வேண்டும் என்று அக்காலத்தவர் காரணம் கூறுவர். காரணம் சரியாகவே இருக்கட்டும். வெளியே நின்றவர்கள் வெளியேதானே நின்றார்கள்?

அரசியலிலும் அம்மையார் ஒதுங்கியிருக்கவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் காமினி ராய் முதலியோருடன் சேர்ந்து 1921 இல் வங்கீய நாரி சமாஜத்தில் உழைத்தார். அவ்வாண்டு வங்கச் சட்டசபை மறுத்துவிட்டது. 1925 இல்தான் இணங்கியது. சென்னை மாகாணம் 1921 இலேயே கொடுத்துவிட்டது என்பதை மீண்டும் ஒருமுறை சொல்லிக்கொள்ள என் தமிழ் நெஞ்சம் ஆசைப்படுகிறது!

1937 நவம்பரில் கிரிடியில் ஜகதீசர் மறைந்தார். பிறர் கைம்மை தீர்க்கப் பாடுபட்டவரைக் கைம்மை வந்து சூழ்ந்தது. வயது எழுபத்திரண்டு. கணவரின் சேமிப்பிலிருந்து பெருந்தொகையை ஒதுக்கி, நிவேதிதையின் பெயரால் முதியோர் கல்விக்கு நிதி ஏற்படுத்தினார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் டார்ஜிலிங்கில் பிரிந்த தோழியை அவர் மறக்கவில்லை.

அதன்பின் வங்கத்துக்கு வந்த பத்தாண்டுகள் கொடியவை. 1943 இல் பஞ்சம். கல்கத்தா நடைபாதைகளில் மக்கள் செத்து விழுந்தனர். 1947 இல் நாடு இரண்டாயிற்று. அம்மையார் பிறந்த பாரிசால் ஒரே இரவில் அயல்நாடானது. கிழக்கிலிருந்து மக்கள் வெள்ளம் புறப்பட்டது. அந்த வெள்ளம் எங்கே வந்து தங்கியது? நம்மில் பலர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் டாலிகஞ்சிலும், அதை அடுத்த யாதவ்பூர்ப் பகுதியிலும்!

டாலிகஞ்ச் என்றால் சினிமா ஸ்டுடியோக்களும் கால்ப் மைதானமும் மெட்ரோ நிலையமும்தாம் நம் நினைவுக்கு வரும். ஆனால் அது நெடுங்காலமாகவே வீடிழந்தவர்களின் ஊர். 1806 இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி நடந்ததும், அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்களை வெள்ளையர் கொண்டு வந்து குடியேற்றியது இந்த டாலிகஞ்சில்தான். வேலூரிலிருந்து இங்கே வந்து சேர்ந்த முதல் ஆள் நானல்லன் என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்! 1947 க்குப் பின் வந்தவர்கள் அரசர் மக்கள் அல்லர். பள்ளத்திலும் மூங்கிற் காட்டிலும் கீற்று வேய்ந்து, விஜயகட், நேதாஜி நகர், ஆசாத்கட் என்று பெயரிட்டுத் தாமே குடியிருப்புகளை எழுப்பிக்கொண்டனர். ஆண் துணையின்றி வந்த பெண்கள் ஏராளம். வந்த துணையும் வேலையின்றி நின்றது. அதுவரை படி தாண்டாத பெண்கள் படி தாண்ட வேண்டியதாயிற்று.

அவர்களுக்குக் கைகொடுத்த முறை எது? சோற்றுப் பொட்டலம் சில நாளைக்கு. அதற்குப் பின் தையல், நெசவு, ஆசிரியப் பயிற்சி, செவிலிப் பயிற்சி. அரசாங்கமும் செய்தது, மாதர் சங்கங்களும் செய்தன. சரோஜ் நளினி தத்தின் நினைவாக 1925 இல் எழுந்த சங்கம், 1932 இல் தோன்றிய அகில வங்க மாதர் சங்கம், பஞ்சத்தை ஒட்டி 1944 இல் தோன்றிய நாரி சேவா சங்கம் எனப் பல. தங்க இடம், கற்க ஒரு தொழில், விற்க ஒரு வழி என்ற அந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் ஏற்பாட்டை, எங்கிருந்து தொடங்குவது என்று தேடாமல், உடனே கைக்கொள்ள அவர்களால் முடிந்தது. வாணி பவனும் சில்ப பவனும் அதற்குள் இருபது ஆண்டு நடந்து காட்டியிருந்தன.

நான் குடியிருக்கும் வீட்டில், மாஷிமாவின் மாமியார் ஒருவர் இருக்கிறார். பாரிசால்காரர். கைக்குழந்தையாக வந்தவர். அவருடைய தாயார் இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் தைக்கக் கற்று, ரவிக்கை தைத்து விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாராம். அந்தக் கால்மிதித் தையல் பொறி இன்னமும் கூடத்தில் இருக்கிறது. அதன்மேல் விரிப்புப் போட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். தெருவில் இறங்கி நடந்தால், தையல் கற்பிக்கப்படும், கணிப்பொறி கற்பிக்கப்படும் என்ற வங்க எழுத்துப் பலகைகள் சந்துக்கு ஒன்றாகத் தொங்குகின்றன. பேட்டைக் கிளப்புகள் பூஜைக் காலத்தில் மட்டும் விழித்துக்கொள்வன என்று நாம் கேலி பேசுகிறோம். அதே கிளப்புகள்தாம் இரத்ததான முகாமும் நடத்துகின்றன. நம் மாணவர்கள் சிலர் மாலையில் அத்தகைய இடங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். வங்காளி தட்டுத்தடுமாறி வருகிறது, கணக்கு வந்துவிடுகிறது.

அபலா அம்மையார் 1951 இல் காலமானார். வயது எண்பத்தைந்தைக் கடந்திருந்தது. தாம் பிறந்த மண் அயல்நாடாகியதையும், அந்த மண்ணின் பெண்கள் அகதிகளாக வந்ததையும் காணும் வரை வாழ்ந்தார். நம் மாணவர்கள் ஆண்டுதோறும் ஆசாரிய பிரபுல்ல சந்திர சாலையில் உள்ள போஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அந்தத் தகரக் கொல்லர் கையால் உருவான கருவிகளின் வழிவந்தவற்றைக் கண்ணாடிப் பேழைகளில் கண்டு வருகிறார்கள். நாரி சிக்ஷா சமிதி இடம்பெற்றதும் அதே சாலையில்தான். சிறிது தூரம் நடந்தால் போதும்.